கோவக்காரிப் பாத்தி

அண்ணன் இறந்த பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அண்ணியும் அத்தையும் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள். அத்தை என்பது அண்ணன் மகன் கூப்பிட்ட பெயர். அவன் வாசலில் நின்று கத்தியதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தது. கடைசியில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர்கூட, "அத்தை, மூணாவது மெஷின் பூட்டிக்கிச்சு, வந்து பாருங்க" என்று சொல்லும்படி ஆயிற்று. கல்யாணமாகி வருஷம் முடிவதற்குள் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள் அவள். ஏன் வந்தாய் என்று அண்ணன் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிப் பின்னறையில் வைத்தான். அண்ணியும் கேட்கவில்லை. ஆனால் கேட்காமலிருப்பதில் இரண்டு வகை உண்டு.

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. சாப்பாட்டு மேஜையில் அண்ணி ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், நடுவில் அண்ணன்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, உப்பு டப்பாவ மூடி வைக்கணும்னு."

"மூடிதான் வச்சேன்னு சொல்லுண்ணே."

"மூடினா அது எப்படி இறுகிப் போச்சாம்?"

அண்ணன் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "தபால் வந்திருக்கு, தபால் வந்திருக்கு" என்பான். சில நாள் கடிதத்தை மாற்றியும் கொடுத்துவிடுவான். அண்ணி, "மழை வரும்போல இருக்கு, துணிய எடுக்கச் சொல்லுங்க" என்றால், "உன் கை பட்டாத்தான் துணி மடிப்பு கலையாம இருக்காம், உங்கண்ணி சொல்றா" என்று சொல்லித் தருவான். இரண்டு பெண்களும் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள்.

ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் பிரிவில் அவனுக்கு வேலை. விடியுமுன் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடுவான். மீதிப் பகல் முழுக்கத் தோட்டம். தோட்டமென்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டின் பின்சுவருக்கும் வேலிக்கும் நடுவே, சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் முழுக்கத் தெரிகிற அளவு மண். அதில் வேலியோரமாக நீளப் பாத்தி வெட்டிக் கூம்புப்பூச் செடிகளாக நட்டிருந்தான். இடுப்புயரத் தண்டு. உச்சியில் முள்ளும் சொரசொரப்புமாகச் செம்மண் நிறத்தில் ஒரு கூம்பு. அதைச் சுற்றி இளஞ்சிவப்பு இதழ்கள் மேலே பார்க்காமல் கீழ்நோக்கித் தொங்கும். தலையை நிமிர்த்தி, கூந்தலைப் பின்னால் தள்ளிவிட்டு, இடுப்பில் கைவைத்து நிற்கிற பெண்ணைப்போல இருக்கிறது என்று அவன்தான் முதலில் சொன்னான். "கோவக்காரி" என்று பெயரும் வைத்தான். யாராவது வந்து, எத்தனை செடி இருக்கிறது என்று கேட்டால், "வெளில முப்பது, உள்ள ரெண்டு" என்பான்.

பனிக்காலத்தில் ஒரு நாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணி சுவரோடு பேசினாள். அத்தை ஜன்னலோடு பேசினாள். "யாரோ குழாயச் சரியா மூடல போல," என்று அண்ணி அலமாரியைப் பார்த்துச் சொல்லுவாள். "வாஷர் போயிருக்கும், சாயங்காலம் மாத்தினா ஆச்சு," என்று அத்தை ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் சொல்லுவாள். ஒருவர் சமையலறையில் இருக்கும்போது இன்னொருவர் நுழைவதில்லை. அத்தை அதிகாலை ஷிப்டுக்குப் போய், ஈரமும் வெந்நீராவியுமான அந்தக் கூடத்தில் விரிப்புகளை உருளை இஸ்திரிக்குள் ஒரு முனையில் விட்டு மறுமுனையில் வாங்கி மடித்து, பிற்பகல் திரும்பும்போது அண்ணி சாப்பிட்டு முடித்து முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். கடைகளிலிருந்து வரும் பேன்ட்டுகளுக்குக் கால் மடித்துக் கொடுப்பது அவளுடைய வேலை. மெஷின் ஓடும் சத்தம் வந்தால் அண்ணி நலம். நின்றால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பனி போய், மண் இளகி, கோவக்காரிகள் தலைதூக்கின. அண்ணன் செய்ததையெல்லாம் அத்தை செய்தாள். போன வருஷத்துக் காய்ந்த தண்டுகளைத் தரையோடு வெட்டினாள். உரம் அதிகம் வைத்தால் தண்டு கொழுத்துச் சாய்ந்துவிடும் என்று அண்ணன் சொல்லுவான். மட்கிய இலையை மட்டும் ஒரு கை தூவினாள். தண்ணீரும் அப்படித்தான். "இதுங்களுக்குத் தாகம் தெரியணும். ஊத்திக்கிட்டே இருந்தா வேர் சோம்பேறியாயிடும்" என்பான். கோடையில் எல்லாம் ஒன்றாகப் பூத்தன. அண்ணி ஜன்னலருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

குழாய்ப் பக்கத்துக் கோடிச் செடியில் ஒரு பூ பச்சையாக வந்தது. இன்னும் விரியவில்லை, நாளைக்கு நிறம் வரும் என்று அத்தை நினைத்தாள். வரவில்லை. நாலைந்து நாளில் அதே செடியின் இன்னொரு கூம்பிலிருந்து, இதழ் வரவேண்டிய இடத்தில் சின்னச் சின்ன இலைக்கொத்து முளைத்தது. பூவின் தலையில் இன்னொரு செடி முளைத்ததுபோல, பார்க்க என்னவோ செய்தது. மறுநாள் அதில் ஒரு தலையை ஒடித்துப் பையில் போட்டு எடுத்துப்போய், வேலை முடிந்து வரும் வழியில் நர்சரியில் காட்டினாள்.

நர்சரிக்காரம்மா கையில் வாங்கவில்லை. "அந்தப் பைய அப்படியே கட்டுங்க முதல்ல," என்றாள்.

"ஏன், என்னாச்சு?"

"பச்சைநோய். எங்க செடி எல்லாம் இங்கதான் நிக்குது, நீங்க பாட்டுக்கு இதத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

"எனக்குத் தெரியாதும்மா. மருந்து குடுங்க, அடிச்சிடறேன்."

"இதுக்கு மருந்து கிடையாது. தத்துப்பூச்சின்னு ஒண்ணு, கடுகுக்குக் கொஞ்சம் பெரிசு. நோய் வந்த செடியில சாறு குடிச்சிட்டு நல்ல செடியில போய் உக்காரும். அதுக்கும் வந்துரும். வேரோட பிடுங்கிருங்க. வேரு விட்டுப்போனா திரும்பவும் இப்படியேதான் வரும்."

"எத்தனை செடிய?"

"எதுல பச்சை தெரியுதோ அத. சீக்கிரம் பிடுங்கினா மத்தது தப்பிக்கும். யோசிச்சிட்டே இருந்தா பாத்தியே போயிரும்."

அத்தை வீட்டுக்கு வந்தாள். இதைச் சுவருக்கும் ஜன்னலுக்கும் சொல்ல முடியாது. முன்னறை வாசலில் நின்று, "அண்ணி," என்றாள்.

மெஷின் நின்றது. அந்தச் சொல்லை நேராகத் தன்னைப் பார்த்து அவள் சொல்லி அண்ணி கேட்டதில்லை.

"குழாய்ப் பக்கத்துக் கோடியில இருக்கற செடிக்கு நோய் வந்திருக்கு. பிடுங்கணும்."

அண்ணி ஊசியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எது, பச்சையாப் பூத்திருக்கே, அதா?"

"ஆமா."

"பச்சையாப் பூத்தா என்ன. அதுவும் பூதானே."

"மத்ததுக்கும் பரவுமாம் அண்ணி. மருந்து இல்லையாம். நர்சரியில கேட்டுட்டேன்."

"நர்சரியில கேட்டுட்ட. என்கிட்ட கேட்டியா?"

"இப்ப கேக்கறேன்."

"இப்ப சொல்ற. சொல்றதுக்கும் கேக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் மந்தமில்ல." அண்ணி நூலை எச்சில் தொட்டு முறுக்கினாள். "அது அவர் வச்ச முதல் செடி. தொட்டியிலேர்ந்து எடுத்து, ஒரு குழந்தைய இறக்கி விடற மாதிரி இறக்கி வச்சார். நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

"தெரியும் அண்ணி. அன்னைக்கு நான்தான் தண்ணி ஊத்தினேன்."

"ஆமா. தண்ணி ஊத்தறது நீதான். எல்லாத்துக்கும்."

அத்தைக்குப் புரியவில்லை. நின்றுகொண்டிருந்தாள்.

"அவரைக் கொண்டுபோன மறுநாள்," என்றாள் அண்ணி. "எந்திரிச்சு வந்து பாக்கறேன், கொடியில வரிசையாத் தொங்குது. அவர் சட்டை அத்தனையும். பனியன், துண்டு, தலையணை உறை. வெள்ளை வெளேர்னு."

"அழுக்காக் கிடந்துச்சு அண்ணி, அதான்..."

"அழுக்கா அது? மாவு வாசனை. வேர்வையும் மாவும் கலந்து ஒரு வாசனை. இத்தனை வருஷம் அதுலதான் தூங்கினேன். எனக்குன்னு மிச்சமிருந்தது அது ஒண்ணுதான். ஆஸ்பத்திரி விரிப்பு மாதிரி அலசிப் போட்டுட்ட. ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாத்தேன். சோப்பு. எல்லாம் சோப்பு. ஒரு சட்டைய விட்டு வச்சிருக்கலாம் நீ."

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப செடியப் பிடுங்கணுங்கற. பிடுங்கேன். உனக்கென்ன, நீ வந்தவதானே."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நேர்க்கோட்டில் ஓடவேண்டிய தையல் அன்றைக்குக் கோணிப்போய், அந்தப் பேன்ட்டை அண்ணி பிரித்துத் தைக்கவேண்டி வந்தது.

அத்தை பின்னறையில் கட்டிலில் உட்கார்ந்து அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். வழக்கம்போல விடியுமுன் விழிப்பு வந்துவிட்டது. வேலைக்குப் போகவேண்டியதில்லை என்று சொல்லியிருந்தார்கள். செத்த வீட்டில் விடியற்காலையில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடையில் துணி இருந்தது. எடுத்தாள். கையால் கசக்கி இரண்டு தரம் அலசியது நினைவிருக்கிறது. அழவில்லை, அலசிக்கொண்டிருந்ததால் அழாமலிருந்தாள். அதைத்தான் அவள் அண்ணனுக்குச் செய்த கடைசிக் காரியம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். போய் அதைச் சொல்லலாம். சொன்னால் மட்டும் வாசனை திரும்பி வந்துவிடுமா.

செடியை அவள் பிடுங்கவில்லை. வந்தவள் என்ற சொல் வாசற்படியில் போட்ட கல்லைப்போலக் கிடந்தது. பாத்திப் பக்கம் போகும்போதெல்லாம் காலில் இடறியது.

மறுநாளிலிருந்து அண்ணியே தோட்டத்துக்கு வந்தாள். வீங்கிய முழங்காலோடு படியிறங்கி, வாளியில் தண்ணீர் பிடித்து, நோய்ச்செடிக்கு மட்டும் ஊற்றினாள். காலையில் ஒரு வாளி, வெயில் தாழ்ந்ததும் ஒரு வாளி. பத்தியச் சோறு ஊட்டுவதுபோல ஊற்றினாள். அத்தை ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் இடம் மாறியிருந்தார்கள். இவ்வளவு தண்ணீர் ஆகாது என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஜன்னலிடம்கூட அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் அந்த வாரங்களில் போயிற்று. அண்ணி உருளைக்கிழங்கை வேகவைத்து மூடிவைப்பாள். அத்தை வந்து எடுத்துத் தின்பாள். மூடியைத் திறக்கும்போது வருகிற ஆவிதான் முகத்தருகே வந்துபோகிற ஒரே உயிர்.

இரண்டாவது செடி பச்சையானது. பிறகு அதற்கு அடுத்ததை விட்டுவிட்டு நாலாவது. சாம்பல்பச்சையில் துளித்துளியாகப் பூச்சிகள், நிழல் பட்டதும் தத்திப் பறந்தன. கோடை முடியுமுன் பாத்தியின் பாதியில் பூவைப் பார்த்தால் பூவென்று சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் போன் செய்வான். வேறு நகரத்தில் மனைவி மக்களோடு இருந்தான். அண்ணி முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது சில வாரங்களாக நீண்டுகொண்டு போனது. அத்தை கேட்க முயலவில்லை. கேட்காமலே தெரிகிற விஷயம்தான்.

நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகலில் அத்தை ஷிப்டு முடிந்து வந்தாள். மெஷின் சத்தம் இல்லை. ஜன்னலோர நாற்காலியிலும் அண்ணி இல்லை. பின்கதவு திறந்திருந்தது. பாத்தியின் கோடியில், ஈர மண்ணில் மண்டியிட்டு, அண்ணி ரொட்டி வெட்டும் கத்தியால் முதல் செடியைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சேறு. ஒரு விரலில் ரத்தம்.

அத்தை பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். "அண்ணி, என்ன பண்றீங்க?"

"வரமாட்டேங்குது," என்றாள் அண்ணி. மூச்சு வாங்கியது. "எவ்வளவு ஆழம் போயிருக்கு பாரு. இழுத்தா தண்டுதான் கையோட வருது."

"கத்தியால வராது. ஆணிவேர் மாதிரி இறங்கியிருக்கும். தள்ளுங்க, மண்வெட்டி கொண்டு வரேன்."

"நீ பிடுங்கக்கூடாது."

அத்தை நின்றாள்.

"நீ மண்ண இளக்கிக் குடு. பிடுங்கறது நான் பிடுங்கறேன்."

அப்படியே செய்தார்கள். அத்தை மண்வெட்டியை வேருக்கு ஒரு சாண் தள்ளி இறக்கி, மிதித்து, நெம்பிக் கொடுத்தாள். அண்ணி இரண்டு கையாலும் தண்டுகளைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். வேர் விட்டுக்கொடுத்தபோது அவள் பின்னால் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். கறுத்த வேர்க்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். அத்தை உள்ளே போய்ச் சின்ன முக்காலியும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையும் கொண்டுவந்தாள்.

"ஏன் அண்ணி, இப்ப?"

"நான் போறேன், பையன் வீட்டுக்கு. வர்ற மாசம். சரின்னு சொல்லிட்டேன்." அண்ணி வேரைப் பைக்குள் போட்டாள். "நான் போனதும் நீ இதையெல்லாம் பிடுங்கிருவ. பிடுங்கித்தான் ஆகணும், எனக்கும் கண்ணு தெரியுது. ஆனா அங்க உக்காந்துக்கிட்டு நான் உன்னைத் திட்டிக்கிட்டே இருப்பேன். பிடுங்கியிருப்பா, பிடுங்கியிருப்பான்னு சாகற வரைக்கும் திட்டுவேன். என்னை எனக்குத் தெரியும். அதான், என் கையாலேயே பிடுங்கிட்டா யார் மேலயும் பழி இல்ல பாரு."

அத்தை அடுத்த செடிக்கு மண்வெட்டியை நகர்த்தினாள்.

"இந்த வீட்டை வித்துரலாமான்னு அவன் கேட்டான்," என்றாள் அண்ணி, செடியிடம் சொல்வதுபோல. "அத்தை இருக்கற வரைக்கும் அந்தப் பேச்ச எடுத்தா நான் உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்னு சொல்லிட்டேன். அதனால நீ அத நினைச்சிக் கிடக்காத."

"நான் ஒண்ணும் கேக்கலையே அண்ணி."

"நீ எப்ப கேட்ட. பெட்டியத் தூக்கிட்டு வந்தப்ப கேட்டியா?"

"நீங்களும் கேக்கல."

"கேட்டிருக்கணும்," என்றாள் அண்ணி. பிறகு, "அடிச்சானா?" என்றாள்.

மண்வெட்டி ஒரு கல்லில் பட்டு நின்றது. அத்தை அதைக் கையால் தோண்டி எடுத்து வேலிப்பக்கம் போட்டாள். "அடிக்கல்லாம் இல்ல. பேச மாட்டார். சாப்பாடு வைக்கலாமான்னு கேட்டா பதில் வராது. கதவத் திறந்துட்டுப் போறப்ப, வர்றப்ப, ஒரு வார்த்தை கிடையாது. முதல்ல கோபம்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா, நான் அங்க இருக்கறதே அவருக்குத் தெரியல. சும்மா ஒரு நாற்காலி கிடக்குமே, அந்த மாதிரி. பயம் வந்துச்சு. ஒரு நாள் என் பேர நானே சொல்லிப் பாத்துக்கிட்டேன் அண்ணி, சத்தமா. மறுநாள் கிளம்பிட்டேன்."

அண்ணி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டுகளை உள்ளே திணித்தாள். பிறகு, "அங்கேர்ந்து தப்பிச்சு எங்கிட்ட வந்து மாட்டின," என்றாள்.

"நீங்க அண்ணன் மூலமாவாவது பேசினீங்களே. உப்பு டப்பாவ மூடலன்னு திட்டினீங்க. எனக்கு அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

அண்ணி சேற்றுக் கையின் புறத்தால் மூக்கைத் துடைத்தாள். மூக்கில் சேறு ஒட்டிக்கொண்டது. "இது?" என்று அடுத்த செடியைக் காட்டினாள்.

"அதுவும்."

"இது நல்லாத்தானே இருக்கு."

"இலையப் பாருங்க. வெளிறி, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. கொஞ்ச நாள்ல பூவும் மாறிரும்."

"அது?"

"அது இருக்கட்டும். பிழைக்கும்போலத் தெரியுது."

வெளிச்சம் மங்குவதற்குள் பாத்தியில் பாதிக்கு மேல் காலியானது. நாலு பை நிறைந்து வாயைக் கட்டி வேலியோரம் நின்றது. குழாயடியில் இருவரும் கை கழுவினார்கள். அத்தை அண்ணியின் வெட்டுப்பட்ட விரலைத் தண்ணீரில் பிடித்துக் காட்டி, துணி கிழித்துக் கட்டினாள். சட்டைகளைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டுமென்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. "அண்ணி, அந்த சட்டைங்க..." என்று ஆரம்பித்தாள்.

"விடு," என்றாள் அண்ணி. "இறுக்கிக் கட்டு. ரத்தம் வருது பாரு."

அன்றைக்கு இருவரும் சமையலறையில் ஒன்றாகவே இருந்தார்கள். ஒருத்தி முட்டை உடைத்தாள், ஒருத்தி ரொட்டி சுட்டாள். எதிரெதிரே போய்வரும்போது இடித்துக்கொண்டார்கள். அந்த அறையில் இரண்டு பேர் நடமாடும் பழக்கம் இருவருக்குமே இல்லை.

மகன் காரோடு வந்தான். தையல் மெஷினைப் பின்சீட்டில் போர்வை சுற்றி வைத்தான். அண்ணி போய்ப் பாத்தியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து ஏறிக்கொண்டாள். "உடம்பப் பாத்துக்க," என்றாள். "பாத்துக்கறேன் அண்ணி," என்றாள் அத்தை. கார் திரும்பி மறைந்த பிறகு, முன்னறையில் மெஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் புதிதாக இருந்தது. நாலு கால் பதிந்த குழிகளிலும் நூல்துணுக்குகள் சேர்ந்திருந்தன. அத்தை அதைப் பெருக்கவில்லை.

தனியாக இருப்பது அவளுக்குப் புதிதில்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் பேசாத ஆள் ஒருவர் வீட்டில் இருப்பதற்கும், ஆளே இல்லாததற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்குமென்று தெரிந்திருக்கவில்லை. பேசாத அண்ணி இருமுவாள். நாற்காலியை இழுப்பாள். கத்தரிக்கோலைத் தேடிச் சலித்துக்கொள்வாள். இப்போது வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் தான் வைத்துவிட்டுப் போன தம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை யாராவது நகர்த்தியிருக்கக்கூடாதா என்று கோபம்கூட வந்தது. சலவைக்கூடத்தில் ஓய்வு நேரத்தில் முன்பெல்லாம் தனியாக உட்காருகிறவள், இப்போது மற்றப் பெண்களின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. சத்தம் வேண்டியிருந்தது.

மிஞ்சிய செடிகளில் கடைசிப் பூக்கள் காய்ந்து கூம்பு கறுத்தது. குருவிகள் வந்து தண்டில் தொற்றி, காற்றில் ஆடிக்கொண்டே விதையைக் கொத்தின. அண்ணன் இருந்தபோது இந்த மாதங்களில் தோட்டத்துப் பக்கமே போகவிடமாட்டான், குருவி பயந்துவிடுமாம். அத்தை சில கூம்புகளைக் குருவிகளுக்கு முந்தி ஒடித்துக்கொண்டாள். காகிதத்தில் தேய்த்து உதிர்த்தால் முள்ளோடு முள்ளாக விதை விழுந்தது. விரல் நுனியெல்லாம் குத்தி எரிந்தது.

அண்ணியின் முதல் போன் அப்போதுதான் வந்தது.

"சொல்லுங்க அண்ணி."

"நீ சொல்லு."

"நீங்கதானே கூப்பிட்டீங்க."

"ஆமா." அண்ணி இருமினாள். "என்ன பண்ணிட்டிருக்க?"

"விதை போடறேன். தட்டுல மண்ணு போட்டு, தூவி, வேலியோரம் வைக்கணும்."

"குளிர் காலத்துலயா? வெறச்சுப் போகாது?"

"குளிர் பட்டாத்தான் முளைக்குமாம். கதகதன்னு வச்சா தூங்கிடுமாம்."

"யார் சொன்னது?"

"அண்ணன் சொல்லும்."

"எங்கிட்ட சொன்னதில்லையே," என்றாள் அண்ணி. அவன் தனக்குத் தராமல் தங்கைக்குத் தந்த ஒரு தபாலைக் கண்டுபிடித்துவிட்ட குரல். பிறகு, "இங்க மருமக ரொம்ப நல்ல பொண்ணு," என்றாள்.

"நல்லதுதானே அண்ணி."

"எது சொன்னாலும் சரிங்க அத்தைங்கறா. ஒரு சண்டைக்கு வழியில்ல."

வசந்தத்தில் தட்டுகளில் பச்சைப்புள்ளிகள் தெரிந்தன. அந்த வருஷம் அவை வெறும் இலையாக நின்றன. எப்போது பூக்கும் என்று அண்ணி கேட்கும்போதெல்லாம், அடுத்த வருஷம் என்றாள். அடுத்த வருஷம் வந்தது. பாத்தி மறுபடி நிறைந்தது. விதையில் வந்தவை தாயைப்போல இல்லை. ஒன்று குட்டை. ஒன்றின் இதழ் கிட்டத்தட்ட வெள்ளை. இன்னொன்று இதழைத் தொங்கவிடாமல் நேராக நீட்டிக்கொண்டு நின்றது, கோபமே வராதவளைப்போல.

அந்தக் கோடையில் அண்ணி மூன்று நாள் வந்திருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் தடி இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாராவது உள்ளே கூப்பிடவேண்டும் என்பதுபோலத் தயங்கினாள். சமையலறையில் நின்று, "சக்கரை எங்க வச்சிருக்க?" என்று கேட்டாள். அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த டப்பாவை எங்கே வைப்பது என்று முப்பது வருஷம் சட்டம் போட்டவள். "நீங்க வச்ச இடத்துலதான் அண்ணி இருக்கு," என்றாள். அண்ணி கை நீட்டித் தேடினாள். அந்த இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள். கேட்டபிறகு அவள் விருந்தாளி.

பாத்தியருகே முக்காலி போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "இதுல எது அவர் வச்சது?"

"அந்த ஓரத்துல ஏழெட்டு. மத்ததெல்லாம் விதை."

அண்ணி அந்த ஓரத்தைப் பார்த்தாள். பிறகு வெள்ளையைப் பார்த்தாள். "அது யாரைக் கொண்டு வந்திருக்கோ," என்றாள்.

மூன்று நாளும் பேசித் தீர்த்துவிடவில்லை. பழைய வழக்கப்படி பாதி நேரம் சும்மாவே இருந்தார்கள். ஒரே அறையில் இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். அத்தை வேலைக்குப் போய்விட்டு வரும்போது வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அவள் உடனே கதவைத் திறக்காமல் வெளியில் நின்று அதைக் கேட்டாள்.

கிளம்பும் நாள் பஸ் நிறுத்தத்தில் அண்ணி, "குளிருக்கு அங்க வந்துரு. ஒரு மாசம் இருந்துட்டுப் போ," என்றாள்.

"எப்படி அண்ணி. வேலை இருக்கு. விதைத்தலை காஞ்சு நிக்கும், குருவி வரும்..."

"வரட்டுமே. நீ என்ன, அதுங்களுக்குத் தட்டு வச்சுப் பரிமாறவா போற?"

"இல்ல அண்ணி, அது வந்து..." என்று அத்தை காரணம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பையை ஏற்றிவிட்டாள். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். பஸ் கிளம்பியது.

அத்தை திரும்பி நடந்தாள். பாதித் தெரு வந்தபோதுதான், வேலியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குருவிகளும், கரண்டியோடு நடுவில் நிற்கும் தானும் கண்ணுக்குள் வந்தன. சிரிப்பு வந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் இதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. சொல்ல இருந்த ஒரே ஆளுக்குப் போன் செய்தாள்.

"என்ன, எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி. இப்பதான் சிரிப்பு வந்துச்சு."

"எதுக்கு?"

"குருவிக்குப் பரிமாறறதுக்கு."

பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. அதற்குள்ளிருந்து அண்ணி சிரிப்பதும் கேட்டது. "உனக்கு எல்லாமே லேட்டாத்தான் ஏறும்," என்றாள்.

"ஆமா அண்ணி."

அதற்குமேல் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. போனை வைக்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. யாரோ டிக்கெட் கேட்பது கேட்டது. ஒரு குழந்தை அழுவது கேட்டது. பஸ் ஏதோ பாலத்தில் ஏறியிருக்கவேண்டும், இரைச்சல் உயர்ந்து, பிறகு சட்டென்று இணைப்பு அறுந்துபோயிற்று.

அத்தை போனைக் காதிலிருந்து எடுக்காமல் வீட்டை நோக்கி நடந்தாள். எதிரில் வந்தவர்களுக்கு அவள் யாருடனோ பேசிக்கொண்டு போவதாகத்தான் தெரிந்திருக்கும்.